சுரங்க வாசலில் இரண்டு பெண்கள்

ராதிகா அந்த விஷயத்தைச் சொன்ன வியாழக்கிழமையிலிருந்து தாயம்மாவுக்குச் சோறு தொண்டைக்குக் கீழே இறங்கவில்லை.

கணவர் ராஜப்பாவோடு மகளைப் பார்க்க இங்கிலாந்துக்கு வந்து இரண்டு மாதம் ஆகப்போகிறது. அடுத்த வாரம் ஊர் திரும்ப வேண்டும். பெட்டியில் பாதி அடுக்கியாகிவிட்டது. அந்த நேரம் பார்த்து, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அம்மாவின் முதுகைப் பார்த்துக்கொண்டுதான் ராதிகா சொன்னாள். கட்டினால் ஹரிஷைத்தான் கட்டுவேன், நைனா வேண்டாம் என்றால் கடைசி வரை இப்படியே இருந்துவிடுவேன், சனிக்கிழமை கோட்டை பார்க்கப் போகும்போது நானே அவரிடம் பேசுகிறேன், அதுவரைக்கும் நீ வாயைத் திறக்காதே.

ஹரிஷ்குமாரிடம் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ராதிகா நர்ஸாக இருக்கும் ஆஸ்பத்திரியிலேயே மருந்துப் பிரிவில் வேலை. நல்ல பையன். இவர்களுடைய ஊரிகம் இருக்கும் அதே கோலார் தங்கவயலில் பிறந்து வளர்ந்தவன். சிக்கலே அந்தக் கடைசி விஷயத்தில்தான் இருந்தது. அவன் ராபர்ட்சன்பேட்டை பஜாரில் மளிகைக் கடை வைத்திருக்கும் சிவப்பிரகாசத்தின் மகன்.

பல வருஷங்களுக்கு முன்னால், சிவப்பிரகாசம் புது வீடு கட்டிக் குடிபுகுந்தபோது ராதிகாவின் நைனா ராஜப்பாவை நேரில் வந்து அழைத்தார். ராஜப்பாவும் வேட்டி கட்டிக்கொண்டு, பெரிய மகனைக் கையில் பிடித்துக்கொண்டு போனார். வாசலில் நின்ற யாரோ அவர்களைப் பக்கத்துச் சந்து வழியாகப் பின்பக்கம் கூட்டிப்போய், கடையின் கொடவுனில் மூட்டைகளுக்கு நடுவே இலை போட்டார்கள். கூடத்தில் மற்றவர்களுக்குப் பந்தி நடந்துகொண்டிருந்தது. ஏன் என்று யாரும் வாய் திறந்து சொல்லவில்லை. இலை போட்ட இடமே சொல்லிவிட்டது. ராஜப்பா இலையை மூடிவிட்டு எழுந்து வந்தார். அன்றிலிருந்து அந்தத் தெருவில் கால் வைத்ததில்லை. தீப்பெட்டி வாங்கக்கூட ஆண்டர்சன்பேட்டைக்குத்தான் போவார்.

இன்றைக்கு அந்தக் கடைக்காரர் மகனின் காரில்தான் போய்க்கொண்டிருந்தார்கள். ராதிகாவுடன் வேலை செய்கிற பையன், கார் இருக்கிறது, லீவு நாளில் கூட்டிப்போகிறான் என்ற அளவில்தான் ராஜப்பாவுக்குத் தெரியும். பாங்கு குமாஸ்தாவிடம் பேசுவது போல மரியாதையாகப் பேசினார். மழை வருமா என்று கேட்டார். சாலை நல்லாயிருக்கிறது என்றார். யார் மகன் என்று தெரிந்திருந்தும் அவன் அப்பாவைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சாலையின் இரண்டு பக்கமும் ஆளுயரப் பச்சை வேலி. வேலிக்கு அப்பால் பட்டாணி வயல்கள். ஒரு வளைவு திரும்பியதும் கார் தானாகவே மெதுவானது போல இருந்தது.

மேட்டின் மேல் கோட்டை நின்றிருந்தது.

படத்தில் பார்ப்பது வேறு. இது மண்ணிலிருந்து முளைத்து, முளைத்த வேகத்தில் பாதியில் யாரோ உடைத்துப் போட்டது போல இருந்தது. சுவர்கள் மட்டும்தான். கூரை இருக்க வேண்டிய இடத்தில் மேகம் ஓடிக்கொண்டிருந்தது. உயரத்தில் இருந்த ஜன்னல் ஒன்றின் வழியாக அந்தப் பக்கத்து வானம் தெரிந்தது. தாயம்மாவின் கை தன்னையறியாமல் கன்னத்துக்குப் போனது.

டிக்கெட் கொடுக்குமிடத்தில் ராஜப்பா வரிசையைப் பார்த்தார். "இடிஞ்ச வூட்டுக்கு டிக்கெட்டா? அப்போ நம்ம ஊரிகத்துல பாதி லைன் வூட்டுக்கு டிக்கெட் போடலாம்போல."

ஹரிஷ் பக்கென்று சிரித்துவிட்டான். ராஜப்பா திரும்பி அவனைப் பார்த்தார். அவன் சிரிப்பைப் பாதியில் விழுங்கினான்.

உள்ளே நுழைந்த பிறகு யாருக்கும் சிரிப்பு வரவில்லை. சுவரின் கனம் அப்படி. அதற்குள் கட்டிலை நீளவாக்கில் போட்டுப் படுக்கலாம். தரைத்தளத்துக்கு மேலே தளமே இல்லை. ஆனால் அந்தரத்தில், சுவரிலேயே, ஒன்றின் மேல் ஒன்றாகக் கணப்பு அடுப்புகள் தொங்கின. அங்கே ஒரு காலத்தில் தரை இருந்திருக்கிறது. தரையில் நின்று யாரோ குளிருக்குக் கை காட்டியிருக்கிறார்கள். தரை போய்விட்டது, ஆட்கள் போய்விட்டார்கள், அடுப்பின் கரி மட்டும் கல்லில் இன்னும் ஒட்டியிருந்தது. சுழன்று சுழன்று ஏறிய படிக்கட்டு ஒன்று எங்கேயும் போய்ச் சேராமல் காற்றில் முடிந்தது. அதன் கடைசிப் படியில் ஒரு பறவை, நம்மூர்க் காக்கையைக் கொஞ்சம் சுருக்கியது போல, சாம்பல் கழுத்தைச் சாய்த்து இவர்களைப் பார்த்தது.

தாயம்மா சமையலறையைத் தேடிக் கண்டுபிடித்தாள். அடுப்பு இருந்த குழிக்குள் ஒரு ஆட்டோவை ஓட்டி நிறுத்தலாம். எத்தனை பேருக்குச் சமைத்திருப்பார்கள், யார் சமைத்திருப்பார்கள், விறகு யார் சுமந்திருப்பார்கள் என்று நினைக்க நினைக்க அவளுக்குத் தலை சுற்றியது. எண்ணூறு வருஷம் என்று பலகையில் போட்டிருப்பதாக ராதிகா வாசித்துச் சொன்னாள். கல்லில் உள்ளங்கையை வைத்தாள் தாயம்மா. வெயில் நாளில் கூட அது குளிர்ந்துதான் இருந்தது. அந்தக் குளிர்ச்சி அவளைவிட வயதானது என்று தோன்றியதும் கையை எடுத்துக்கொண்டாள்.

மகள் ஒரு ஜன்னல் மேடையில் அப்பாவை உட்கார வைத்தாள். தாயம்மா கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டாள். இதோ சொல்லப் போகிறாள்.

"நைனா, உங்கிட்ட ஒண்ணு பேசணும்."

"இரும்மா," என்றார் ராஜப்பா. அவர் கண் வேறெங்கோ இருந்தது. எழுந்து, புல்வெளியைக் கடந்து, கோட்டையின் மூலையை நோக்கி நடக்கத் தொடங்கினார்.

அந்த மூலையில் இருந்த கோபுரம் மற்றவை போல மெல்ல மெல்ல உதிர்ந்தது இல்லை. மேலிருந்து கீழ்வரை பிளந்து, ஒரு பாதி அப்படியே சாய்ந்து, வீட்டளவுத் துண்டுகள் புல்லில் கிடந்தன. ராஜப்பா அதன் முன்னால் நின்றார். இது எப்படி விழுந்தது, பீரங்கியா என்று கேட்டார். அங்கே சுற்றிக்காட்டும் தொண்டு வேலையில் இருந்த ஜூடித் என்ற வெள்ளைக்கார அம்மாவிடம் ராதிகா அதைக் கேட்டாள்.

பீரங்கி அப்போது கிடையாது என்றார் ஜூடித். கோட்டையைச் சூழ்ந்த ராஜா, சுரங்கம் தோண்டுகிறவர்களைக் கூட்டி வந்தான். அவர்கள் வெளியே எங்கேயோ தொடங்கி, பூமிக்கு அடியிலேயே தோண்டி, நேராக இந்தக் கோபுரத்தின் கீழே வந்தார்கள். அடித்தளத்துக்குக் கீழே குடைந்து, மேலே இருக்கும் கனம் இறங்கிவிடாமல் மரக்கட்டைகளை முட்டுக் கொடுத்தார்கள். பிறகு கட்டைகளைச் சுற்றிப் பன்றிக் கொழுப்பைக் கொட்டித் தீ வைத்துவிட்டு வெளியே ஓடினார்கள். கட்டைகள் எரிந்தன. கோபுரம் இறங்கியது.

ராதிகா தமிழில் சொல்லி முடிக்கும்வரை ராஜப்பா அசையவில்லை. தங்கச் சுரங்கத்தில் அவருடைய வேலையே அதுதான். டிம்பர்மேன். மேலே இருக்கும் பாறை கீழே இருப்பவன் தலையில் இறங்காமல் மரம் கொடுத்துத் தாங்க வைக்கிறவர். கம்பெனி மூடும் வரைக்கும் அதைத்தான் செய்தார்.

"முட்டு குடுத்து, அதுக்கே நெருப்பு வெச்சாங்களா?" என்றார் மெதுவாக. மறுபடி அண்ணாந்து, பிளந்து நிற்கும் உயரத்தைப் பார்த்தார். "இத்த வுழ வெச்சது ராஜா இல்ல. நம்ம ஆளுங்க." தோண்டினவர்கள் பெயர் என்ன என்று கேட்கச் சொன்னார். ராஜாவின் பெயர் தெரியும், கோட்டைக்காரன் பெயர் தெரியும், தோண்டினவர்கள் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை என்றார் ஜூடித். ராஜப்பா தலையை ஆட்டிக்கொண்டார்.

அவர் முகத்தைப் பார்த்து அந்த அம்மாவுக்கு என்ன தோன்றியதோ. எதிர் மூலைக்கு அடியிலும் ஒரு சுரங்கம் தொடங்கினார்கள், அதற்குள் கோட்டைக்காரன் சரணடைந்துவிட்டான், அதனால் அது அப்படியே இருக்கிறது, போய்ப் பார்க்கலாம் என்றார். குறுகலான இடம், இரண்டு பேர் இரண்டு பேராகத்தான் போக வேண்டும், தனியாக விட மாட்டோம்.

ராதிகா ஹெல்மெட்டுக்குக் கை நீட்டினாள். அப்பாவிடம் தனியாகப் பேச இதைவிட நல்ல இடம் கிடைக்காது என்று அவள் நினைத்தது தாயம்மாவுக்குப் புரிந்தது.

"பொம்பளைங்க அண்டர்கிரவுண்ட் எறங்கக் கூடாது," என்றார் ராஜப்பா.

"நைனா, இது மைன் இல்ல. டூரிஸ்ட் பிளேஸ்."

"மண்ணுக்குக் கீழ போனா எல்லாம் மைன்தான்."

அந்த விஷயத்தில் அவரை அசைக்க முடியாது. தங்கவயலில் எந்த வீட்டுப் பெண்ணும் ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்கும் கேஜில் ஏறி உள்ளே இறங்கியதில்லை. சட்டமும் அதுதான், வழக்கமும் அதுதான். ராதிகா ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தாள். ஹரிஷ் அதை வாங்கிக்கொண்டான்.

இரும்புக் கதவைத் திறந்தார்கள். ராஜப்பா வாசலில் நின்று ஷூவைக் கழற்றினார். நெற்றிக்கு மேலிருந்த கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஜூடித் எதுவும் புரியாமல் ராதிகாவைப் பார்த்தார். ஹரிஷ் யாரும் சொல்லாமலே குனிந்து தன் ஷூவையும் கழற்றி, அவருடையதற்குப் பக்கத்தில் வைத்தான்.

ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ராஜப்பா ஒருமுறை திரும்பினார். தாயம்மா அவரையே பார்த்தாள். இத்தனை வருஷமாகப் பென்ஷன்காரராக, முட்டி வலிக்காரராக, டீவி முன்னால் தூங்குகிறவராகப் பார்த்துப் பழகிய மனுஷன் அங்கே இல்லை. ஷிப்டுக்குப் போகிற ராஜப்பா நின்றிருந்தார். இடிந்த கோட்டையைப் பார்த்தபோது வந்த அதே திகைப்பு, கொஞ்சம் கூடுதலாகவே, தன் புருஷனைப் பார்த்தும் அவளுக்கு வந்தது.

ராஜப்பா முன்னால், ஹரிஷ் பின்னால். ஹெல்மெட் விளக்கு வெளிச்சம் இரண்டும் வளைந்து மறைந்தன.

அப்புறம்தான் அந்தச் சத்தம் வந்தது.

திம்மென்று ஒன்று. அது சுவர்களில் மோதித் திரும்புவதற்குள் இன்னொன்று. கோட்டையில் இருந்த பறவைகள் மொத்தமும் கருப்பாக எழுந்து வானத்தில் சிதறின.

பட்டாணி வயலில் புறா விரட்டுவதற்கு வைத்திருக்கும் வெடி மெஷின் அது. தாயம்மாவுக்குத் தெரியும். போன வாரம் பஸ் ஸ்டாப்பில் இதே சத்தத்துக்கு அவள் பதறியபோது ராதிகாதான் சிரித்துக்கொண்டே விளக்கினாள். இப்போது ஜூடித்தும் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். வார்த்தைகள் காதில் விழுந்தன. கால்களுக்குப் போய்ச் சேரவில்லை.

கால்கள் அவளைச் சுரங்க வாசலுக்குக் கொண்டுபோய் நிறுத்தியிருந்தன.

ஊரில் சுரங்கம் ஓடிய காலத்தில், ஆழத்தில் பாறை தானாக வெடிக்கும். ஏர் பிளாஸ்ட் என்பார்கள். மேலே தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளில் தட்டு, டம்ளர் எல்லாம் குலுங்கும். அடுப்பை அணைத்துவிட்டுப் பெண்கள் சுரங்கக் குழி வாயான ஷாஃப்ட்டுக்கு ஓடுவார்கள். ஓடிவந்து, அழ மாட்டார்கள், கத்த மாட்டார்கள். கேஜ் மேலே வரும்வரை வாயைப் பொத்தி நிற்பார்கள். உள்ளே இருக்கிற புருஷன் பெயரைச் சொன்னால் அந்தப் பெயரை வேறு ஏதோ கேட்டுவிடும் என்று தாயம்மாவின் லைனில் ஒரு பயம். பிள்ளைகளுக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. நைனா நைனா என்று ஷாஃப்ட்டைப் பார்த்துக் கத்துவார்கள். அதிலும் ராதிகாவின் குரல் மார்க்கெட் வரை கேட்கும்.

இன்றைக்கு ராதிகாவின் குரல் கேட்கவில்லை.

தாயம்மா திரும்பிப் பார்த்தாள். மகள் பக்கத்தில் நின்றிருந்தாள். ஜாக்கெட் காலரைக் கைக்குள் சுருட்டி வாயில் அழுத்தியிருந்தாள். உதடு திறக்கவில்லை. கண் அந்த இருட்டை விட்டு நகரவில்லை. ஐந்து வருஷமாக இந்தப் புறா மெஷினைக் கேட்டுக் கேட்டுச் சலித்தவள். அப்பாவைக் கூப்பிட ஒரு வார்த்தை போதும். அவள் கூப்பிடவில்லை. பிள்ளையாக நிற்கவில்லை அவள்.

வியாழக்கிழமை சமையலறையில் கேட்டபோதுகூட, வயசுக் கோளாறோ, தனிமையோ என்று தாயம்மாவுக்குள் ஒரு சந்தேகம் மிச்சம் இருந்தது. அது அந்த இடத்தில் தீர்ந்துபோனது.

உள்ளே வெளிச்சம் அசைந்தது. குறுகலான இடத்தில் திரும்பி வரும்போது பின்னால் போனவன்தான் முன்னால் வருவான். ஹரிஷ் குனிந்து வெளியே வந்தான். தோளெல்லாம் மண். ராதிகா அவன் சட்டைக் கையைப் பிடித்தாள். முகத்தைப் பார்த்தாள். தலைமுடியில் இருந்த மண்ணைத் தட்டிவிட்டாள். இரண்டு பேரும் எதுவும் பேசிக்கொள்ளவில்லை.

அவனுக்குப் பின்னால், பாதி உடம்பு சுரங்கத்துக்குள் இருக்க, ராஜப்பா நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

புளிச்சோறு டப்பாவைத் திறந்தபோது நான்கு பேரும் விழுந்த கோபுரத்தின் நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். சோறு அப்படியே இருந்தது. ராதிகா இரண்டு தடவை பேச வாயெடுத்து இரண்டு தடவையும் நிறுத்தினாள்.

"கேஜ் மேல வர்றப்போ நாங்க கும்பலா நிப்போம்," என்றார் ராஜப்பா, யாரையும் பார்க்காமல். "மூஞ்சி பூரா கருப்பு. யாரு எவன்னு எங்களுக்கே தெரியாது. வெளிய நிக்கிற பொம்பளைங்க கண்ணு எங்க போவுதுன்னு பாத்தா போதும், எது எவன் பொண்டாட்டின்னு தெரிஞ்சிடும்." கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தார். "இன்னிக்கி நான் வெளிய வந்தப்போ உங்கம்மா ஒருத்திதான் என்னப் பாத்தா."

"நைனா, நான் இன்னிக்கி சொல்லத்தான் இருந்தேன்."

"அதான் சொல்லிட்டியே."

ஹரிஷ் முட்டி போட்டு உட்கார்ந்தான். கொடவுனில் நடந்தது தனக்குத் தெரியும் என்றான். சின்னப் பையனாக மாடியிலிருந்து பார்த்தானாம். அவர் இலையை மூடியதும், பிள்ளையை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனதும். ஏன் அவர்களை உள்ளே கூப்பிடவில்லை என்று அப்பாவிடம் கேட்டிருக்கிறான். பதிலுக்கு அறைதான் கிடைத்தது.

"எனக்கு உன் மேல ஒண்ணும் இல்ல தம்பி," என்றார் ராஜப்பா. "நானே மறந்தாலும் கிரண் மறக்க மாட்டான். அன்னிக்கி பக்கத்து எலையில உக்காந்து அப்பளத்த ஒடச்சி வாயில வெச்சவன் அவன். நாந்தான் கையப் புடிச்சி எழுப்புனேன். உங்க வூட்டு ஆளுங்க நம்ம வாசப்படி மிதிச்சா நடக்குறதே வேறன்னு இன்னிவரைக்கும் சொல்றான்."

கிரண் அவர்களுடைய மூத்த மகன். ஊரிகத்திலிருந்து தினமும் ரயிலில் பெங்களூர் போய் வருகிறான். தங்கை விஷயம் அவனுக்கு ஒன்றும் தெரியாது.

பேச்சு அங்கேயே நின்றது. அப்படியே விட்டால் அது கல்லாகிவிடும் என்று தாயம்மாவுக்குத் தெரியும். இவ்வளவு நேரம் அடக்கியிருந்த வாயை அவள் திறந்தாள். அந்தச் சத்தம் வந்தபோது உள்ளே என்ன நடந்தது என்று கேட்டாள்.

ராஜப்பா டப்பாவை மூடினார். ஹரிஷ் சொன்னான். "என்னைச் சுவரோட சேத்து அழுத்திட்டு, மேல கவுந்துட்டாரு ஆன்ட்டி. என் தலைய அவர் நெஞ்சுக்குள்ள வெச்சிட்டாரு. ரொம்ப நேரம் விடவே இல்ல."

"அது பழக்கம்," என்றார் ராஜப்பா. "சத்தம் வந்தா பக்கத்துல இருக்கறவன மூடணும்."

"பக்கத்துல இருக்கறது யார் புள்ளன்னு பாத்துட்டா மூடுனீங்க?"

ராஜப்பா மனைவியை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு தலைக்கு மேல் பிளந்து நிற்கும் கோபுரத்தைப் பார்த்தார். பறவைகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்து பொந்துகளில் அடைந்துகொண்டிருந்தன. அத்தனை உயரமும் அத்தனை கனமும், கீழே இருந்த சில கட்டைகள் போனதும் இறங்கிவிட்டது.

"உங்கப்பாவுக்குப் போன் போடு," என்றார்.

ஹரிஷ் வீடியோவில் அப்பாவைக் கூப்பிட்டான். ஊரில் அப்போது விளக்கு வைக்கும் நேரம். திரையில் கடை தெரிந்தது, மூட்டைகள் தெரிந்தன, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு சிவப்பிரகாசம் தெரிந்தார். என்னடா இந்நேரத்தில் என்று அவர் கேட்டதும் ஹரிஷ் போனை ராஜப்பாவிடம் கொடுத்தான்.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வயது இரண்டு முகத்திலும் ஏறியிருந்தது.

"நல்லா இருக்கீங்களா ராஜப்பா?" என்றது அந்தப் பக்கத்துக் குரல்.

"இருக்கேன். உங்க பையன் எங்க பொண்ண விரும்புறான். அவளும்தான். நான் குடுக்குறேன்னு சொல்றதுக்குப் போன் பண்ணல. கேக்க வேண்டியவரு நீங்க. நீங்க கேட்டாத்தான் நான் பதில் சொல்லணும்."

சிவப்பிரகாசம் போனோடு எழுந்தார். திரை ஆடியது. கடையின் கூரை, படிக்கட்டு, சுவரில் ஒரு காலண்டர் என்று ஓடி நின்றது. அவர் மனைவி சரஸ்வதியின் குரல் யார் என்று கேட்டது. அவர் தணிந்த குரலில் ஏதோ சொன்னார். அப்புறம் சரஸ்வதியின் முகம் திரை முழுக்க வந்தது.

"பொண்ணக் காட்டுங்க," என்றாள்.

ராதிகா போனுக்கு முன்னால் வந்தாள். ஹரிஷின் தலையிலிருந்து தட்டிய மண் அவள் கையில் இன்னும் இருந்தது. சரஸ்வதி நிறைய நேரம் பார்த்தாள். இப்போது என்ன சொல்லப் போகிறாளோ என்று தாயம்மா புல்லை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே," என்றாள் சரஸ்வதி, ராஜப்பாவைப் பார்த்து. "பொண்ணு கேக்கணும்னா பொண்ணு வீட்டுக்கு வந்துதான் கேக்கணும். நீங்க திரும்பி வர்ற வரைக்கும் விட்டா இவரு மனசு மாறிடும், எனக்குத் தெரியும். நாளைக்கு ஞாயித்துக்கிழமை. காலைல நாங்க ரெண்டு பேரும் ஊரிகத்துக்கு வந்து தாம்பூலம் வெச்சிட்டுப் போறோம். வீட்ல யாராவது இருப்பாங்கல்ல?"

ராஜப்பா போனைக் கிட்டே கொண்டுவந்தார். "பையன் இருப்பான்."

"சரி, அவர்கிட்ட சொல்லி வெச்சிடுங்க," என்று சொல்லி சரஸ்வதி போனை வைத்தாள்.

புல்வெளியில் நான்கு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஹரிஷ் ராதிகாவைப் பார்த்தான், ராதிகா அப்பாவைப் பார்த்தாள். ராஜப்பா தன் போனை எடுத்து, எண்ணைத் தேடி அழுத்தி, தாயம்மாவின் கையில் திணித்தார்.

"நீ பேசு. உன் புள்ளதான."

ஒரு ரிங் முடிவதற்குள் அந்தப் பக்கம் எடுத்தாகிவிட்டது. பின்னணியில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. மகன் நல்ல மனநிலையில் இருக்கிறான் என்று குரலிலேயே தெரிந்தது.

"இன்னாம்மா," என்றான் கிரண், "கோட்டை பாத்தாச்சா?"